துபாஷியின் தாடை

ஏரிக்கரை ஊரான ஹோமா பேயின் கோர்ட்டில் ஸப்லோன் மகாக் வாய் திறந்தால், வெளியே மாமரத்தடியில் வாய்தாவுக்குக் காத்துக் கிடப்பவர்களுக்கும் கேட்கும். துபாஷி உத்தியோகம். சாட்சிகள் லுவோ மொழியில் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அவர் கேட்பதைத் திருப்பிச் சாட்சிக்கு லுவோவில் சொல்ல வேண்டும். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். ஒருமுறை வேலித் தகராறில் கூண்டேறிய ஒரு கிழவி எதிராளியைப் பார்த்து, "உன் மூஞ்சிய ஏரியில காட்டினா மீனெல்லாம் தான்சானியாப் பக்கம் ஓடிரும்டா" என்றாள். மகாக்கின் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. அதே குரலில், அதே கைநீட்டலோடு, மாஜிஸ்திரேட்டின் கண்ணைப் பார்த்தே ஆங்கிலத்தில் சொன்னான். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படிப்பட்டவனின் கீழ்த்தாடையில், இடது பக்கம், ஒரு வீக்கம் வந்தது. முதலில் சொத்தைப் பல் என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டார்கள். பிறகு பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். வீக்கம் வற்றவில்லை. வலியில்லாமல், அவசரமில்லாமல், பூசணிப் பிஞ்சு பருப்பதுபோல் பருத்தது. கிசுமுவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தாடை அறுவைக்கென்றே படித்த டாக்டர் மோரா எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஐயா, இந்தக் கட்டி உடம்பெல்லாம் பரவுற சாதி இல்ல. ஆனா இருக்கிற எலும்பைத் தின்னுட்டேதான் இருக்கும். அந்தத் துண்டை முழுசா வெட்டி எடுக்கணும்."

வெட்டி எடுத்தார்கள். இடைவெளியில் ஒரு உலோகப் பட்டையை வைத்துத் தைத்தார்கள். உயிர் தப்பியது, பேச்சு போயிற்று. அடியோடு போகவில்லை. சொற்கள் இடப்பக்கமாகச் சரிந்து, காற்றும் எச்சிலும் கலந்து வந்தன. கோர்ட்டில் மாஜிஸ்திரேட் இரண்டு முறை, "மறுபடி சொல்லுங்க, மகாக்" என்றார். நல்ல மனிதர், மூன்றாம் முறை கேட்கவில்லை. அடுத்த வாரம் அவனைப் பின்னறையில் வழக்குக் கட்டு அடுக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள்.

அவன் மனைவி பெரஸ் சந்தைக்குப் பக்கத்தில் தலை பின்னும் கடை வைத்திருந்தாள். ஏரிக்கு அக்கரையில் உயோமாவில் பிறந்தவள். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "உயோமாக்காரி" என்பான். அவளுக்கு அவன் "ரிஸ்பர் அப்பா". கோபம் வந்தால் "துபாஷி". தாடை போன பிறகு அவனுக்கான சாப்பாடு தனி ஆயிற்று. ஜிலேபி மீனை வேகவைத்து, முள் ஒன்று விடாமல் பிரித்து, உரலில் இடித்து, கூழில் கரைத்துக் கொடுப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். அவள் மட்டும் நேராகப் பார்த்து, வழிந்ததைத் துணியால் துடைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள்.

கட்டி திரும்பி வரவில்லை என்று உறுதியாகும்வரை காத்திருந்துவிட்டு, டாக்டர் மோரா இருவரையும் உட்கார வைத்து விளக்கினாள். இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, தாடை இடைவெளியில் பொருத்தி, ஆணி அடித்து வைப்பது. அது பழைய எலும்போடு ஒட்டி உயிர் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு அதில் உலோக வேர்கள் இறக்கலாம். அந்த வேர்களின் மேல் பல்.

"பல்லு கடைசியிலதான். முதல்ல எலும்பு" என்றாள் டாக்டர் மோரா. அவள் கீசி இனத்துக்காரி, லுவோ அரைகுறையாகத்தான் புரியும். பெரஸ் லுவோவில் ஏதோ கேட்க, டாக்டர் மகாக்கைப் பார்த்தாள்.

"என்ன சொல்றாங்க?"

மகாக் சரிந்த வாயோடு, வழக்கம்போல் ஒரு சொல் குறைக்காமல் சொன்னான்: "'நாள் பூரா நின்னு பேசுற உத்தியோகம் இவருக்கு. இடுப்பையும் அறுத்து எடுத்துட்டா எதை வச்சு நிப்பாரு? இனிமே கோர்ட்டுல பேசுறது வாயா இடுப்பா?' அப்படின்னு கேக்குறா."

டாக்டர் மோரா வாய்விட்டுச் சிரித்தாள். பெரஸும் சிரித்தாள். அன்று கிசுமுவிலிருந்து வேனில் திரும்பும்போது அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இப்போதெல்லாம் சீக்கிரம் களைத்துப்போகிறாள் என்று நினைத்தான். அலைச்சல், வேறென்ன என்றும் நினைத்துக்கொண்டான்.

இடுப்பெலும்பு வைக்கும் அறுவை முடிந்து கண் விழித்தபோது முகத்தைவிட இடுப்புதான் அதிகம் வலித்தது. நர்ஸ் நடக்கச் சொன்னாள். பெரஸ் தோள் கொடுத்தாள். அவன் அவளுடைய வலது தோளில் பாரத்தைப் போட்டதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இந்தப் பக்கம் வா, ரிஸ்பர் அப்பா, இந்தத் தோள்தான் திடமா இருக்கு" என்று சுற்றி வந்து இடது தோளைக் கொடுத்தாள். அவன் மாறிக்கொண்டான். தன் வலியில் இருந்தான். ஏன் என்று கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம் என்று பிறகு நினைத்துப் பார்க்க எத்தனையோ இருந்தன. கடையில் பின்னல்களைப் பாதியில் விட்டு உதவிக்காரியிடம் கொடுத்தாள். "கிறிஸ்துமஸ் நெருங்குது, ஊர்ல இருக்கிற தலையெல்லாம் என் கையிலதான், கை கடுக்காம என்ன செய்யும்" என்றாள். கழுத்து இறக்கமான ரவிக்கைகளை மகள் ரிஸ்பருக்கு வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் இருவரும் சேர்ந்தேதான் போனார்கள். டாக்டர்கள், நர்ஸ்கள், எதிர் சீட்டில் இருப்பவர்கள் என்று எல்லாரும் பார்த்தது அவன் முகத்தை. அவளை யார் பார்த்தார்கள்? அவள் நோயாளிக்குத் துணைக்கு வந்தவள்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள், டாக்டர் மோரா புதுப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினாள். விரலால் தொட்டுக் காட்டினாள். பழைய எலும்புக்கும் இடுப்பிலிருந்து வந்த எலும்புக்கும் நடுவே இருந்த கறுப்புக் கோடு காணாமல் போயிருந்தது. அங்கே மங்கலான வெண்மை, பால் உறைந்ததுபோல்.

"பிடிச்சிருச்சு! ஐயா, உங்க எலும்பு பிடிச்சிருச்சு!" என்றாள் டாக்டர். "இந்த மாதிரி அழகா ஒட்டி நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. இனி வேர் இறக்க வேண்டியதுதான். ரொம்ப தள்ளிப் போடக்கூடாது. பல்லு வேலை குடுக்காத எலும்பு மெல்ல மெல்லக் கரைஞ்சிடும்."

பெரஸ் எழுந்து நின்று, கல்யாண வீட்டில் போடுவதுபோல் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள். நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆடப் போனாள். இடது கை தலைக்கு மேலே போயிற்று. வலது கை தோள் மட்டத்தில் நின்றுவிட்டது. முகம் கோணி, உடனே சிரிப்புக்குத் திரும்பியது.

டாக்டர் மோராவின் சிரிப்பு மெதுவாக அடங்கியது. தெரிந்த அரைகுறை லுவோவில் கேட்டாள்: "ரிஸ்பர் அம்மா, அந்தக் கைக்கு என்ன?"

"தலை பின்னிப் பின்னித் தேஞ்சு போச்சு, டாக்டரம்மா."

"கொஞ்சம் உள்ள வாங்க. பார்க்கிறேன்."

பச்சைத் திரைக்குப் பின்னால் போனார்கள். மகாக் விளக்குப் பெட்டியின் முன் நின்று தன் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. திரைக்குப் பின்னால் பேச்சு நின்று வெகு நேரமாகியிருந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. டாக்டர் வெளியே வந்தபோது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"ஐயா, உட்காருங்க" என்றாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன தெரியணும்?"

அவள் திரையைப் பார்த்தாள். உள்ளே பெரஸ் ரவிக்கைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள். "அவர்கிட்ட ஏன் கேக்கறீங்க, டாக்டரம்மா? அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்ற குரல் வந்தது.

மார்பில் கட்டி. அவன் தாடையை வெட்டி எடுத்த அந்த வருஷமே குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அப்போது கொண்டைக்கடலை அளவு.

அடுத்தடுத்துச் சோதனைகள் எடுத்தார்கள். புற்றுநோய்ப் பிரிவில் இருந்தவர் மொம்பாசாப் பக்கத்திலிருந்து வந்த டாக்டர் பக்காரி. இளைஞர், மெதுவாகப் பேசுகிறவர். அவருக்கு லுவோ ஒரு சொல் தெரியாது. பெரஸுக்குத் தெரிந்த ஸ்வாஹிலி மீனும் தக்காளியும் பேரம் பேசப் போதுமானது. இந்தப் பேச்சுக்குப் போதாது. நர்ஸைக் கூப்பிட டாக்டர் எழுந்தார்.

"வேணாம்" என்றான் மகாக். "நான் சொல்றேன். அதுதான் என் வேலை."

டாக்டர் பக்காரி ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். நோய் மார்பைத் தாண்டிவிட்டது. முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் இறங்கியிருக்கிறது. வேரோடு எடுக்க முடியாது. மருந்து கொடுத்தால் கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தலாம், வலியைக் குறைக்கலாம். அடுத்த அறுவடை வரை இருந்தால் அதுவே பெரிது. முன்னாடியே வந்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும்.

மகாக் மனைவி பக்கம் திரும்பினான். தொண்டையைச் செருமினான்.

"மருந்து இருக்காம். நாள் பிடிக்குமாம்" என்றான் லுவோவில்.

பெரஸ் டாக்டரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அவரு இவ்வளவு நீளமா பேசினாரு, நீ இவ்வளவூண்டு சொல்றே."

அவன் மேசையின் விளிம்பைப் பார்த்தான்.

"ரிஸ்பர் அப்பா. ஊர்ல திருடனுக்கும் பொய்ச்சாட்சிக்கும் ஒரு சொல்லு குறைக்காம சொன்னே. எனக்கு மட்டும் ஏன் குறைக்கிறே? கோர்ட்டுல சொல்ற மாதிரி சொல்லு."

அவன் சொன்னான். முதலிலிருந்து, வரிசையாக, ஒன்றும் விடாமல். குரல் சரிந்து சரிந்து போயிற்று. "அடுத்த அறுவடை" என்ற இடத்தில் ஒருமுறை நின்றான், பிறகு சொல்லி முடித்தான். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் செய்தியைக் கேட்பதுபோல் தலையை ஆட்டிக் கேட்டாள்.

"சரி" என்றாள் கடைசியில். "டாக்டருக்கு நன்றி சொல்லு. சின்னப் பிள்ளை, பாவம், வேர்த்துப் போச்சு அவருக்கு."

அதையும் அவன் ஆங்கிலத்தில் சொன்னான்.

வீட்டுக்கு வந்து பல நாள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மருந்து ஏறியதும் பெரஸின் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. "ஊருக்கெல்லாம் தலை பின்றவ தலைய பாரு, முட்டை மாதிரி" என்று கடைக்கு வந்தவர்களிடம் அவளே சொல்லிச் சிரித்தாள். பள்ளி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த ரிஸ்பர், அம்மாவைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் போய் நின்று அழுதாள். அன்று மாலை பெரஸ் வாசலில் முக்காலி போட்டு மகளை முன்னால் உட்கார வைத்து, ஒரு கையால் பிடித்து, பல்லாலும் உதவி செய்து, அவளுக்கு இரண்டு வரிசை பின்னிவிட்டாள். மூன்றாவது வரிசையில் கை நின்றது.

அப்போதுதான் மகாக் சொன்னான்: "நான் டாக்டரம்மாகிட்ட வேர் வேணாம்னு சொல்லிடப்போறேன்."

"எந்த வேர்?"

"பல்லு வேர். உன்னை இப்படி வச்சுக்கிட்டு நான் பல்லு கட்டப் போகணுமா?"

பெரஸ் சீப்பைக் கீழே வைத்தாள். "ரிஸ்பர், உள்ள போ."

மகள் உள்ளே போகவில்லை. கதவருகே நின்றாள்.

"வேலை இல்லாத எலும்பு கரைஞ்சிடும்னு அந்தம்மா சொன்னப்போ நானும் அங்கதான் இருந்தேன்" என்றாள் பெரஸ்.

"கரையட்டும்."

"கரையட்டுமா? அந்த எலும்பு பிடிக்கட்டும் பிடிக்கட்டும்னு நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேனே, அதைக் கரையட்டும்ங்கிறியா?"

"உன்னை யாரு பொத்தச் சொன்னது?" மகாக் எழுந்துவிட்டான். "நான் கேட்டேனா? ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தத் தாடையத் தூக்கி ஏரியில போட்டிருப்பேனே! மீன் இடிச்சுக் குடுத்தியே, முகம் துடைச்சியே, எல்லாத்துக்கும் வாய் இருந்துச்சு, இதுக்கு மட்டும் இல்லையா? நீ என்னைக் காப்பாத்தல, உயோமாக்காரி. என்னைக் கொன்னுட்டே."

கத்தியதில் அவன் மோவாயில் எச்சில் வழிந்தது. பெரஸ் தோளில் கிடந்த துணியை எடுத்து, பழக்கத்தில் கை தானாகப் போவதுபோல், அதைத் துடைத்துவிட்டாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சில நாள் கழித்து, வெயில் சாயும் நேரத்தில், அவளாகவே சொன்னாள். "நீ நினைக்கிற மாதிரி இல்ல அது. உனக்காகன்னு சொன்னேன் பாரு, அது பாதிதான் நிஜம்."

"மீதி?"

"பயம். எங்க அத்தைக்கு மாரை அறுத்து எடுத்தாங்க. அப்புறமும் செத்துப்போனா. உன் தாடை எனக்கு ஒரு சாக்கு. இவருது முடியட்டும், இவருது முடியட்டும்னு தள்ளிப்போட்டேன். உனக்கு ஒண்ணும் இல்லாம இருந்திருந்தா வேற சாக்கு தேடியிருப்பேன்."

அது உண்மையா, இல்லை அவன் நெஞ்சுப் பாரத்தை இறக்கி வைக்கச் சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. பல வருஷம் சாட்சிகளின் வாயைப் பார்த்தே உண்மை எது பொய் எது என்று பழகியவன். அவள் வாயைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னாளிலும் முடியவில்லை.

வேர் இறக்கும் நாளில் அவள் கூட வந்தாள். வர வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள். வேனின் முன் சீட்டில் தலையணை வைத்து உட்கார்ந்து வந்தாள். அறுவை அறை வாசலில் டாக்டர் மோராவிடம் லுவோவில் நீளமாக ஏதோ சொன்னாள். டாக்டர் பாதி புரிந்து பாதி புரியாமல் அவள் கன்னத்தைத் தொட்டாள். மகாக் உள்ளே போய்விட்டிருந்ததால் அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. உள்ளே புது எலும்பு துளை தாங்கியது. வேர்கள் இறுக்கமாக உட்கார்ந்தன. அவை எலும்போடு இறுகும்வரை இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும், பிறகுதான் பல் என்றார்கள்.

அந்த மாதங்கள் பெரஸிடம் இல்லை. சோளம் தோகை விரிக்கும் காலத்தில், ஒரு மத்தியானம், ரிஸ்பர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது போய்விட்டாள். மகாக் அப்போது மருந்து வாங்கச் சந்தைக்குப் போயிருந்தான்.

மனைவியைப் புதைக்கும் வழக்கப்படி வீட்டின் இடது பக்கத்தில் குழி வெட்டினார்கள். உயோமாவிலிருந்து அவள் சொந்தங்கள் படகிலும் வேனிலுமாக வந்து இறங்கினார்கள். பெண்கள் வாசலிலிருந்தே ஓலமிட்டு ஓடி வந்தார்கள். பேசுகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்தபோது, பெரஸின் தம்பி ஒபியேரோ எழுந்தான். கூட்டத்தைப் பார்க்காமல் மகாக்கைப் பார்த்தே பேசினான்.

"மச்சான், நல்லாதான் கட்டியிருக்காங்க உன் தாடைய. தூரத்துல இருந்து பார்த்தாலே தெரியுது. எங்க அக்காவைக் குடுத்தோம். நீ ஒரு தாடைய வாங்கிட்டே."

கூட்டத்தில் யாரோ "டேய்" என்றார்கள். பாதிரியார் எழப் பார்த்தார். மகாக் அவரைக் கையமர்த்திவிட்டு எழுந்து நின்றான். இன்னும் பல் கட்டாத வாய். சொற்கள் இன்னும் சரிந்துதான் வந்தன. ஆனாலும் அன்று கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

"ஒபியேரோ சொன்னதுல தப்பு இல்ல" என்றான். "அவ என் முகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா. நானும் என் முகத்தையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவளை யாரும் பார்க்கல. ஊர்ல எல்லார் பேச்சையும் காது குடுத்துக் கேட்டு எடுத்துச் சொன்னவன் நான். என் வீட்டுக்குள்ள ஒருத்தி சொல்லாம இருந்தது எனக்குக் கேக்கல. அவ்வளவுதான். வேற சொல்ல எனக்குத் தெரியல."

உட்கார்ந்துவிட்டான். ஒபியேரோ வந்து, அவன் பக்கத்தில் பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மண் தள்ளும்போது இரண்டு பேரும் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றி வாங்கினார்கள்.

பல் மாட்டும் நாள் வந்தபோது மகாக் போக மாட்டேன் என்று சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. ரிஸ்பர்தான் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்தாள். டாக்டர் மோரா வேர்களின் மேல் பற்களைப் பொருத்தி முடுக்கினாள். நீலத் தாளை நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னாள், உரசிச் சரி செய்தாள், மறுபடி கடிக்கச் சொன்னாள். கண்ணாடியைக் கொடுத்தாள். அதில் ஒரு நரைத்த மனிதன், இரண்டு பக்கமும் சமமான முகத்தோடு இருந்தான்.

"எதாவது பேசுங்க ஐயா. கேக்கணும் எனக்கு."

"என்ன பேச?" என்றான். சொல் நேராக வந்தது. டாக்டர் மோரா முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேசையில் இருந்த கருவிகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தாள். ஏற்கெனவே ஒழுங்காக இருந்தவற்றையே மறுபடி மறுபடி நகர்த்தினாள்.

ஊர் திரும்பும் வழியில், சாலை பிரியும் இடத்தில் வேன் நின்றது. தலையில் தட்டு வைத்த பெண்கள் ஓடி வந்து ஜன்னல்களில் வேகவைத்த சோளக்கதிர்களை நீட்டினார்கள். ஆவி பறந்தது. காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ரிஸ்பர் இரண்டு வாங்கி, ஒன்றை உப்பு மிளகாய் தடவி அவன் கையில் கொடுத்தாள்.

"மெதுவாப்பா. ரெண்டு பக்கமும் வச்சுக் கடிக்கச் சொன்னாங்க."

கடித்தான். மணிகள் பல்லுக்கு அடியில் உடைந்து, பால் வாயில் இறங்கியது. இன்னொரு கடி. பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. வெகு காலமாக மறந்துபோயிருந்த பசி, அடி வயிற்றிலிருந்து, வெட்கம் இல்லாமல் எழுந்து வந்தது. அவள் போன பிறகு இப்படிப் பசிக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. பசிக்கக் கூடாது என்றுகூட இருந்தது. ஆனால் பசித்தது. வரிசை வரிசையாகத் தின்றுகொண்டே போனான். கண்ணீர் புதிய மோவாயில் ஓடிச் சட்டைக் காலரை நனைத்தது. துடைக்கவில்லை.

"அப்பா, வலிக்குதா?" என்று ரிஸ்பர் பயந்துபோய்க் கேட்டாள். "பல்லு வலிக்குதா?"

அவன் தலையை ஆட்டினான்.

"இல்லம்மா" என்றான். "கொஞ்சம்கூட வலிக்கல."

வேன் கிளம்பிவிட்டது. ரிஸ்பர் தன் கதிரைத் தொடாமல் மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.